சுற்றுகிற கையும் 'சுயதொழில்' கணக்கும்
முர்ஷிதாபாத் மாவட்டத் தொழில்களின் கூலி நிலவரம் குறித்து

2014-15இல் 47.15 கோடியாக இருந்த நாட்டின் வேலைவாய்ப்பு 2023-24இல் 64.33 கோடியாக உயர்ந்துவிட்டது, பத்தாண்டுகளில் 17 கோடிக்கு மேல் புதிய வேலைகள் உருவாகியிருக்கின்றன என்று ஒன்றியத் தொழிலாளர் துறை அமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்தார். அதற்குத் துணையாகப் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு விகிதமும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. காலமுறை உழைப்பாற்றல் ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட கிராமப்புறப் பெண்களில் 2017-18இல் 24.6 சதவீதத்தினர் உழைப்புச் சந்தையில் இருந்தனர். 2023-24இல் அது 47.6 சதவீதம். ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கு.

இந்த எண்களைப் பொய் என்று சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் அது சரியான பதிலாகாது. அதே ஆய்வின் இன்னொரு பட்டியலையும் சேர்த்துப் படிப்பதே நமக்குப் பயன்தரும். வேலையில் உள்ள கிராமப்புறப் பெண்களில் 'சுயதொழில் செய்வோர்' 2017-18இல் 57.7 சதவீதம், 2023-24இல் 73.5 சதவீதம். மாதச் சம்பளம் பெறுவோர் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. ஆக, வேலைக்கு வந்ததாகச் சொல்லப்படும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் 'தமக்குத் தாமே முதலாளி' என்னும் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று அறிய ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்.

கங்கைக் கரையில் வங்கதேச எல்லையை ஒட்டிக் கிடக்கும் மாவட்டம் அது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 71 லட்சம். அவர்களில் ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். மூன்றில் இரு பங்கினர் இசுலாமியர். ஒரு காலத்தில் வங்க நவாபுகளின் தலைநகர். காசிம்பஜாரில் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டுக் கிடங்கு வைத்திருந்தது. ஐரோப்பாவுக்கு இங்கிருந்து பட்டு போயிற்று. இன்று அந்த மாவட்டத்தின் வடபகுதியில், ஜங்கிப்பூர் வட்டாரத்தில், அதாவது சுதி, அவுரங்காபாத், ஷம்ஷேர்கஞ்ச், துலியான் ஆகிய ஊர்களில் வீட்டுத் திண்ணைதோறும் நடைபெறும் தொழில் பீடி. நாடு முழுவதும் பதிவு பெற்ற பீடித் தொழிலாளர்கள் சுமார் 50 லட்சம் பேர். மாநிலங்களில் மேற்கு வங்கமே முதலிடம். அம்மாநிலத்தில் முர்ஷிதாபாத்தே தொழிலின் நடுவம்.

தென்காசி, நெல்லை, வேலூர் பகுதித் தோழர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. மடியில் தட்டு, தட்டில் தூளும் வெட்டிய இலையும், குனிந்த முதுகு, பள்ளிவிட்டு வந்ததும் முனை மடக்க உட்காரும் சிறுமி. நம் ஊரில் பீடிக்கடைக்காரர் செய்யும் வேலையை அங்கே 'முன்ஷி' என்பவர் செய்கிறார். கம்பெனியிடமிருந்து இலையும் தூளும் நூலும் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுப்பார். சுற்றிய பீடியைக் கட்டுகளாக வாங்கிக்கொள்வார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார். கம்பெனியின் பெயரைக் கட்டின் மேலுள்ள தாளில் மட்டுமே பார்த்த தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

இந்தப் பெண் யாருடைய தொழிலாளி? தேசிய மாதிரி ஆய்வின் வரையறை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. மூலப்பொருளைப் பிறரிடம் பெற்று வீட்டிலிருந்தே பொருள் செய்து கொடுத்து, செய்த அளவுக்குக் கூலி பெறுவோர் 'சுயதொழில் செய்வோர்' ஆவர். எங்கே, எப்போது, எவ்வளவு செய்வது என்பதில் அவர்களுக்குத் தன்னுரிமை இருக்கிறதாம். பெறும் தொகையில் உழைப்புக்கான கூலியோடு, தம் வீட்டில் நடத்தும் 'நிறுவனத்தின்' இலாபமும் அடங்கியிருக்கிறதாம். இலையும் தூளும் கம்பெனியுடையவை. எத்தனை பீடி, என்ன நீளம், என்ன கனம் என்பதைக் கம்பெனி முடிவு செய்கிறது. கூலியும் அங்கேதான் முடிவாகிறது. தரம் பார்த்து ஒதுக்குவதும் அதுவே. தொழிலாளிக்கு விடப்பட்டிருக்கும் தன்னுரிமை, அடுப்பில் உலை வைத்துவிட்டுச் சுற்றுவதா, சுற்றி முடித்துவிட்டு உலை வைப்பதா என்பது மட்டும்தான்.

சட்டம் இந்த இடத்தில் புள்ளிவிவரத்தைவிடத் தெளிவாகவே இருந்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருள் பெற்று வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே சொன்னது. முதலாளிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 1974இல் நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. வருங்கால வைப்புநிதி விஷயத்திலும் அதே வாதத்தை எடுத்து வந்தார்கள்; 1985இல் அங்கும் தோற்றார்கள். பீடியை ஏற்பதா ஒதுக்குவதா என்ற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, கட்டுப்பாடு அவரிடமே இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றம் ஏற்ற உண்மையை இன்றைய கணக்கெடுப்பு ஏற்கவில்லை. அதனால் அரசுக்குக் கிடைக்கும் ஆதாயம் சிறிதல்ல. கூலி வீழ்ச்சியால் வீட்டில் இன்னொரு பெண்ணும் தட்டை மடியில் எடுத்து வைக்க நேர்ந்தால், அந்த நெருக்கடி 'பெண் தொழில்முனைவோர் பெருக்கம்' என்று கணக்கில் ஏறுகிறது.

கூலி

முர்ஷிதாபாத்தில் ஆயிரம் பீடிக்கு 152 ரூபாய் என்றிருந்த கூலி 2021இல் 178 ரூபாயானது. முத்தரப்புப் பேச்சுவார்த்தைகளில் முதலாளிகள் இதைப் பெரிய விட்டுக்கொடுத்தலாகக் காட்டிக்கொண்டார்கள். மாநில அரசே பீடித் தொழிலுக்கு அறிவித்திருந்த குறைந்தபட்சக் கூலி இதைவிட வெகு அதிகம் என்பதையும், அந்த அறிவிப்பை நடைமுறைப்படுத்த வேண்டிய அதிகாரிகள் இந்தப் பேச்சுவார்த்தைகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சட்டப்படியான கூலிக்குக் கீழே ஒப்பந்தம் போட்டு, அதை அரசின் முன்னிலையில் கையெழுத்திடுவது அந்த மாவட்டத்தில் வழக்கமாகிவிட்டது. பீடிக் கம்பெனி அதிபர்களே அந்த வட்டாரத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் இருந்துவருகிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

இந்த 178 என்னும் எண் வேறோரிடத்திலும் வருகிறது. 2019இல் ஒன்றிய அரசு தேசியத் தரைமட்டக் கூலியை நாளொன்றுக்கு 178 ரூபாய் என்று அறிவித்தது. அதே அரசு அமைத்த நிபுணர் குழு பரிந்துரைத்தது 375 ரூபாய். நாளொன்றுக்கு உயிர்வாழப் போதும் என்று அரசு கருதிய அந்த அற்பத் தொகையைப் பெறுவதற்குத் துலியான் பெண் ஆயிரம் பீடி சுற்ற வேண்டியிருந்தது. சமையலும் தண்ணீரும் பிள்ளைகளும் தன் தலையில் இருக்கும் ஒரு பெண் தனியாக ஒரு நாளில் ஆயிரம் சுற்றுவது அரிது. அறுநூறு சுற்றுகிறார் என்று கொள்வோம். கூலி ஆயிரத்துக்கு 200 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 120 ரூபாய். மாதத்தில் 26 நாளும் இலை கிடைத்தால் 3,120 ரூபாய்.

இது தாளில் எழுதும் கணக்கு. முன்ஷியின் நோட்டில் இது குறையும். ஆயிரம் பீடிக்கான இலை என்று எடைபோட்டுக் கொடுப்பதில் ஓட்டையும் கிழிசலும் கணிசமாக இருக்கும். எடை குறைவாகவும் இருக்கும். பற்றாத இலையைத் தொழிலாளி சந்தையில் காசு கொடுத்து வாங்கி ஈடுகட்ட வேண்டும். சுற்றியதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று சில கட்டுகள் ஒதுக்கப்படும். ஒதுக்கிய பீடிக்குக் கூலி இல்லை. ஆனால் ஒதுக்கிய பீடி திரும்பியும் வருவதில்லை. அதுவும் எங்கோ விற்பனையாகிறது. நெல்லைச் சீமைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் குறையும் இதுதான்.

1966 சட்டத்தின் 39ஆம் பிரிவு, மூலப்பொருள் வழங்குவதிலும், பீடியை ஒதுக்குவதிலும், ஒதுக்கிய பீடிக்குக் கூலி கொடுப்பதிலும் எழும் தகராறுகளைத் தீர்க்க மாநில அரசு ஓர் அதிகாரியை நியமிக்கலாம் என்று குறிப்பாகவே சொல்லியிருந்தது. இந்தத் தொழிலின் சுரண்டல் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரியவைத்தது தொழிற்சங்க இயக்கம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஒரு தொழிலுக்கென்றே இயற்றப்பட்டிருந்த அந்த முழுச் சட்டம், பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சில பிரிவுகளாகச் சுருங்கிவிட்டது. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் பீடிப் பெண்கள் தெருவுக்கு வந்தபோது, "வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவர்களுக்குத் தொகுப்புச் சட்டத்தால் என்ன?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கான பதில் இந்தச் சுருக்கத்திலேயே இருக்கிறது.

இதற்கு முன்பே ஓர் அடி விழுந்திருந்தது. பீடித் தொழிலாளர் நலநிதி 1976ஆம் ஆண்டுச் சட்டங்களால் உருவானது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வசூலான தீர்வையிலிருந்து மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீடு ஆகியவற்றுக்குப் பணம் வந்தது. துலியானை அடுத்த தாராப்பூரில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனை அதன் அடையாளம். ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலை 1 அன்று இந்தத் தீர்வை ஒழிக்கப்பட்டது. பீடிக்கு 28 சதவீத வரி, பீடி இலைக்கு 18 சதவீதம். தொழிலாளிக்கென்று தனியே வந்துகொண்டிருந்த காசு அரசின் பொதுக் கஜானாவில் கரைந்தது. நலத்திட்டங்கள் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் நிதியமைச்சகம் கிள்ளிக் கொடுப்பதை நம்பியிருக்கும் நிலை ஏற்பட்டது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பீடி வரியை 18 ஆகவும் இலை வரியை 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. கம்பெனிகள் வரவேற்றன. வரி ஏறியபோது கூலியை உயர்த்த முடியாது என்றவர்கள், வரி இறங்கும்போது உயர்த்துவோம் என்று சொல்லவில்லை. பத்துச் சதவீதப் புள்ளி வரிக்குறைப்பில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு என்பதை அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையின் முதல் கேள்வியாக்க வேண்டும்.

ஏன் இந்தக் கூலிக்கும் ஆள் கிடைக்கிறது?

வேறு வேலை இல்லை என்பது பொதுவான பதில். ஆனால் வேறு வேலை தானாக இல்லாமல் போய்விடவில்லை. ஒவ்வொரு கதவாக மூடப்பட்டது.

முதல் கதவு நிலம். கங்கையின் அரிப்பு ஷம்ஷேர்கஞ்ச், சுதி வட்டாரங்களில் வயல்களையும் வீடுகளையும் பள்ளிகளையும் ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. 1975இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா தடுப்பணைக்குக் கீழும் மேலும் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டதன் விலையை இந்தக் கிராமங்கள் செலுத்துகின்றன. நேற்று இரண்டு ஏக்கர் வைத்திருந்த குடும்பம் இன்று இரயில் பாதையோரக் குடிசையில் பீடி சுற்றுகிறது. இழந்த நிலத்துக்கு ஈடு தரும் ஏற்பாடு உருப்படியாக இல்லை.

இரண்டாவது, பட்டு. ரகுநாத்கஞ்சை அடுத்த மிர்சாப்பூர் போன்ற நெசவூர்களின் கரத், கோரியல் சேலைகளுக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தபோது தறியில் உட்கார இளைஞர்கள் இல்லை. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுகிறது என்று கண்டது. அந்தக் கணக்கு வெளிவந்த காலத்தில் ஒன்றிய அரசு செய்தது, 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது. காக்ராவின் வெண்கலப் பாத்திரத் தொழிலும் தேய்ந்து கிடக்கிறது. ஃபராக்காவிலும் சாகர்திகியிலும் பெரிய அனல்மின் நிலையங்கள் நிற்கின்றன. உள்ளூர்க்காரர்களுக்கு அவற்றிலிருந்து பெரும்பாலும் வருவது ஒப்பந்தக் கூலி வேலையும் பறக்கும் சாம்பலும்.

மூன்றாவது கதவு மூடப்பட்ட விதம் கொடியது. 2022 மார்ச்சில் ஒன்றிய அரசு முறைகேடுகளைக் காரணம் காட்டி மேற்கு வங்கத்துக்கான நூறுநாள் வேலை நிதியை முழுவதுமாக நிறுத்தியது. தவறு செய்த ஊராட்சி நிர்வாகிகள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதுதான். திரிணமூல் ஊழலை மூடிமறைக்க நமக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் தண்டிக்கப்பட்டவர்கள் மண் வெட்டியவர்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் திட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒன்றிய அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அக்டோபரில் தள்ளுபடி செய்தது. இரண்டே மாதத்தில், டிசம்பரில், வேலை உறுதிச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கூலிச் செலவில் 40 சதவீதத்தை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்றார்கள்.

பீடிக் கூலியோடு இதற்குள்ள தொடர்பு நேரடியானது. 2025-26இல் மேற்கு வங்கத்துக்கான நூறுநாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 260 ரூபாய். அந்த வேலை ஊரில் நடந்தால், 120 ரூபாய்க்குத் தட்டை மடியில் வைக்கும் பெண் முன்ஷியிடம் "இந்த வாரம் வேண்டாம்" என்று சொல்ல முடியும். அந்த ஒரு சொல்லே பேரம். ஆண்டுக்குச் சில வாரங்களாவது அந்தச் சொல்லைச் சொல்லும் வாய்ப்பு மூன்றாண்டுகளுக்கு மேல் பறிக்கப்பட்டது. கம்பெனிகள் அதற்காக எந்த மனுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆண்கள் வெளியேறுகிறார்கள். கேரளம், தமிழ்நாடு, மகாராஷ்டிரம், டெல்லி என்று முர்ஷிதாபாத்தின் கொத்தனார்கள் இல்லாத பெருநகரம் இல்லை. சென்னையிலும் கோவையிலும் கட்டடச் சாரங்களில் நிற்கும் 'வடநாட்டுப் பையன்' பல நேரங்களில் ஜங்கிப்பூர்க்காரர். அவர் வடநாட்டவர் அல்ல, கிழக்கவர் என்ற திருத்தம் நம் தோழர்கள் சிலருக்கும் தேவைப்படுகிறது. அவர் அனுப்பும் பணம் வீட்டுக் கடனை அடைக்கிறது. அன்றாட அரிசியும் எண்ணெயும் பீடியிலிருந்து வருகின்றன. இந்த இரண்டு வருமானமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் இரண்டுமே இவ்வளவு குறைவாக இருந்தும் குடும்பம் விழாமல் இருக்கிறது. இப்போது ஒரு காலை வெட்டுகிறார்கள். வங்க மொழி பேசுவதாலேயே தொழிலாளிகளை 'வங்கதேசத்தவர்' என்று பிடிக்கும் வேட்டை பாஜக ஆளும் மாநிலங்களில் நடந்தது. 2025 ஜூனில் மகாராஷ்டிரத்தில் பிடிக்கப்பட்ட முர்ஷிதாபாத் தொழிலாளிகள் சிலர் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, இந்தியக் குடிமக்கள் என்று மெய்ப்பிக்கப்பட்ட பிறகு திரும்ப அழைத்துவரப்பட்டார்கள். பயந்து ஊர் திரும்பிய ஒவ்வொரு ஆணும் அந்த வீட்டுப் பெண்ணை மேலும் நூறு பீடி சுற்ற வைக்கிறார். அதே ஆண்டு ஏப்ரலில் வக்பு திருத்தச் சட்டத்தை ஒட்டித் துலியான், ஷம்ஷேர்கஞ்ச் பகுதிகளில் மூண்ட வன்முறையில் மூன்று உயிர்கள் பறிபோயின. ஒரே முன்ஷியிடம் இலை வாங்கிய இந்து, இசுலாமியக் குடும்பங்கள் ஒருவரையொருவர் அஞ்சும் நிலை ஏற்பட்டது. கூலிப் போராட்டத்துக்கு இதைவிடப் பெரிய சேதம் எந்த முதலாளியாலும் செய்திருக்க முடியாது.

கண்ணூரின் பாடமும் அதன் எல்லையும்

இங்கே தோழர்கள் வழக்கமாகத் தினேஷ் பீடியை நினைவுகூர்வார்கள். கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையிலான அரசு 1966 சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, மங்களூர் முதலாளிகள் 1968இல் கூடங்களை மூடிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாயிரம் பேர் வேலையிழந்தார்கள். 1969 பிப்ரவரியில் கண்ணூரில் தொழிலாளிகளின் கூட்டுறவு தொடங்கியது. அது 42,000 பேர் வரை வேலை கொடுத்தது. பீடியின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று கண்டதும், 1990களின் இறுதியிலிருந்து உணவுப் பொருள், குடை என்று வேறு தொழில்களுக்கு மாறியது.

இடது முன்னணி 34 ஆண்டுகள் ஆண்ட வங்கத்தில் அந்த அளவுக்கு ஒரு பீடிக் கூட்டுறவு ஏன் உருவாகவில்லை என்ற கேள்வியைத் தாண்டிச் செல்லக்கூடாது. என் கருத்தில், விடையின் பெரும்பகுதி வேலை நடந்த இடத்தில் இருக்கிறது. கண்ணூரில் தொழிலாளிகள் கூடத்தில் ஒன்றாக அமர்ந்து சுற்றினார்கள்; ஒருவர் செய்தித்தாள் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள்; சங்கம் அந்தக் கூடத்திலேயே பிறந்தது. முர்ஷிதாபாத்தில் தொழில் வீட்டுக்குள் பரவியது. அங்கே சங்கம் பெரும்பாலும் கூலி ஒப்பந்தக் காலத்தில் கூட்டம் கூட்டும் அமைப்பாக இருந்தது, பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தவர்கள் ஆண்கள், சுற்றியவர்கள் பெண்கள். அப்படியிருந்தும் அங்கு எத்தனையோ தோழர்கள் முன்ஷிகளின் அடியாட்களை எதிர்கொண்டு அடையாள அட்டையும் வைப்புநிதியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கூலிக் கோரிக்கை நிலைத்து நின்ற இடங்களைப் பார்த்தால், பாடத்தில் பெண்களே கிளைச் செயலாளர்களாக இருக்கும் இடங்கள் அவற்றில் முன்னணியில் இருக்க வாய்ப்புண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பீடி நுரையீரலைத் தின்னும் பொருள். பிடிப்பவரை மட்டுமல்ல, தூளின் நடுவே வாழும் தொழிலாளியின் குடும்பத்தையும். அதை என்றென்றைக்கும் காப்போம் என்பது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை 2004இல் இந்தியா ஏற்றது. தொழிலாளிகளுக்கு மாற்று வாழ்வாதாரம் ஏற்படுத்துவதும் அதில் அடங்கும். எச்சரிக்கைப் படம் அச்சிடுவதில் காட்டிய வேகத்தில் நூறில் ஒரு பங்குகூட மாற்று வேலையில் காட்டப்படவில்லை. இரண்டு நாள் தையல் பயிற்சியும் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்புவது மாற்று அல்ல. மாற்றுத் தொழில் என்பது முதலீடும் சந்தையும் உள்ள ஒன்றாக, இப்போதைய வருமானத்துக்குக் குறையாத கூலியை முதல் நாளிலிருந்தே தருவதாக இருக்க வேண்டும். தீர்வையை ஒழித்தபோது எடுத்துக்கொண்ட பணத்துக்கு ஈடான தொகையை இதற்கென ஒதுக்குமாறு கேட்கலாம்.

உடனடியாகச் செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது; அதைத் தமிழ்நாட்டுப் பீடித் தோழர்களும் முர்ஷிதாபாத் தோழர்களும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். முன்ஷியின் நோட்டில் தொழிலாளியின் பெயர் இருக்கும் வரை அவர் கம்பெனியின் தொழிலாளி என்று நிறுவுவது கடினம். வாங்கிய இலையின் எடை, கொடுத்த பீடி, ஒதுக்கிய பீடி, பெற்ற கூலி ஆகிய நான்கும் கம்பெனி முத்திரையோடு தொழிலாளியின் கையிலேயே இருக்கும் ஒரு பாஸ்புத்தகத்தில் வாரந்தோறும் ஏற வேண்டும். வீட்டில் மூன்று பெண்கள் சுற்றினால் மூன்று புத்தகங்கள். ஒரு பெயரில் மூவர் உழைப்பையும் எழுதும் பழக்கம் நிற்க வேண்டும். கணக்கெடுக்க வருபவர் "என்ன தொழில்?" என்று கேட்கும்போது "வீட்டு வேலைதான், சும்மா பீடி சுற்றுவேன்" என்று சொல்லும் பெண், அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டிக் கம்பெனியின் பெயரைச் சொல்லட்டும்.